நடை சாத்தும் நேரத்தில் பசித்தால்: டெல்டாவின் புது உணவகங்கள் எப்படி ஓடுகின்றன

கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா மகளும் மாப்பிள்ளையும் இரண்டு பிள்ளைகளோடு தஞ்சாவூர் வந்திருந்தார்கள். சனிக்கிழமை பெரிய கோயிலும் அரண்மனையும், ஞாயிற்றுக்கிழமை கும்பகோணமும் தாராசுரமும் என்று திட்டம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கே கூட்டிப்போகலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தங்கச்சி போனை நீட்டினாள். "அண்ணா, இந்த எடந்தான். தஞ்சாவூர்னு போட்டாலே ரீல்ஸ்ல இதுதான் வருது. நாலு புள்ளி ஆறு ஸ்டார்." நான் இந்த ஊர்க்காரன். கடை திறந்து எட்டு மாதமாகிறது, உள்ளே கால் வைத்ததில்லை. சரி, போவோம் என்று அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

எட்டேகால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் ஒரு பையன் பெயரையும் ஆள் கணக்கையும் எழுதிக்கொண்டான். ஐம்பது நிமிடம் வெளியே பெஞ்சில். உள்ளே போனால் ஆத்தங்குடிக் கல் தரை (அது காரைக்குடிப் பக்கத்துச் சரக்கு, எங்கள் ஊருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது), உருளியில் மிதக்கும் சாமந்தி, மாடத்தில் தலையாட்டி பொம்மை, மேசையில் ஒட்டிய கியூஆர் கட்டம். மாப்பிள்ளை போனில் மெனுவைத் திறந்து தள்ளிக்கொண்டே இருந்தார், முடியவே இல்லை. அரேபியன் மந்தி (அரபு நாட்டுக் கறிச்சோறு), பன்னீர் டிக்கா, செட்டிநாடு நண்டு, ஹக்கா நூடுல்ஸ், 'மராட்டா சாம்பார் இட்லி', பானைப் பிரியாணி, கடைசியில் 'கும்பகோணம் டிகிரி காபி'. இலை வந்தது. நுனி வலது பக்கம் வருகிற மாதிரி போட்டுவிட்டுப் போனான் சப்ளையர் பையன். அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் இலையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்த பேத்தியின் இலையையும் திருப்பி வைத்தாள்.

அம்மா இட்லி கேட்டாள். மணி ஒன்பதேகால். ஆவி பறக்க வந்தது. விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இது காலம்பரத்து இட்லிடா" என்றாள். அப்புறம் சாப்பிட்டுவிட்டாள்.

அந்த ஒரு வாக்கியம் எனக்கு ரொம்ப நாள் மண்டையில் ஓடியது. புது ஊருக்குப் போகிறோம், பேர் அடிபடுகிற ஓர் உணவகத்தைத் தேடிப் போய் உட்காருகிறோம். அங்கே நமக்கு நேரும் காத்திருப்பு, விலை, ருசி, ஏமாற்றம், சில சமயம் நல்ல ஆச்சரியம், எல்லாவற்றையும் நோண்டிப் பார்த்தால் அடியில் ஒரு கடிகாரம் இருக்கிறது. பழைய கடை மணி பார்த்துச் சமைக்கும். புதுக் கடை, எந்த மணிக்கு வந்தாலும் எது கேட்டாலும் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்ற அது என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மாவுக்கு வயது உண்டு

டெல்டாப் பக்கத்துப் பழைய ஓட்டல்களில் மெனு கார்டு இருக்காது. சப்ளையர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார். காலையில் இட்லி, பொங்கல், வடை, பூரி. பத்தரைக்கு மேல் பொங்கல் கேட்டால் "முடிஞ்சது சார்". பதினொன்றரைக்கு மேல் இலை போடுவார்கள், மூன்று மணிக்குச் சாப்பாடு முடியும். நாலு மணிக்கு அடுப்பு மறுபடி எரியும்: பஜ்ஜி, ரவா தோசை, அடை, காபி. ராத்திரிக்கு தோசை, ஊத்தப்பம், சப்பாத்தி, அவ்வளவுதான்.

வெளியூர்க்காரருக்கு இது பிடிவாதம் மாதிரித் தெரியும். உண்மையில் மாவு போடுகிற அட்டவணை அது. முதல் நாள் சாயங்காலம் ஆட்டிய மாவு ராத்திரி முழுக்கப் பொங்கி, விடிகாலையில்தான் இட்லிக்குச் சரியான பதத்தில் நிற்கும். மத்தியானம் தாண்டினால் புளிப்பேறும். புளித்த மாவில் இட்லி அமுங்கும், தோசை நன்றாக வரும். இன்னும் புளித்தால் வெங்காயம், பச்சைமிளகாய் தூவி ஊத்தப்பம். ஒரே மாவின் காலை வயது இட்லி, சாயங்கால வயது தோசை, ராத்திரி வயது ஊத்தப்பம். சாம்பார், சட்னி வைக்கிறவருக்கு ஓட்டல் பாஷையில் 'சரக்கு மாஸ்டர்' என்று பெயர். அவர் காலைக்கு ஒரு சாம்பார், மத்தியானத்துக்கு வேறு சாம்பார் வைப்பார். முன்னது டிபனுக்குத் தண்ணியாக, பின்னது சோற்றுக்குக் கெட்டியாக. மெனு கார்டு இல்லாததற்குக் காரணம், அடுப்படியில் அந்த நேரத்துக்கு என்ன இருக்கிறதோ அதுதான் மெனு.

ராத்திரி ஒன்பதேகாலுக்கு இட்லி தர வேண்டுமானால் இரண்டே வழி. ஒன்று, நாளுக்கு மூன்று தடவை ஆட்டி, மாவைக் குளிர்பெட்டியில் அடக்கி, வேண்டியபோது வெளியே எடுத்துப் பதம் பார்க்க ஓர் ஆள் வைப்பது. இன்னொன்று, காலையில் அவித்ததை எடுத்து வைத்துச் சூடு காட்டுவது. முதல் வழிக்குச் செலவு ஜாஸ்தி. இரண்டாவது வழியை அம்மாவின் ஆள்காட்டி விரல் கண்டுபிடித்துவிடும்.

மந்தி, டிக்கா, நூடுல்ஸ் சமாசாரமும் இப்படித்தான். நூற்றிருபது அயிட்டத்தை ஓர் அடுப்படியில் புதிதாகச் சமைக்க முடியாது. அதனால் வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்த ஒரு சிவப்புக் கிரேவி, முந்திரி போட்ட ஒரு வெள்ளைக் கிரேவி, காய்ந்த மிளகாயும் சோம்பும் தூக்கலாக ஒரு 'செட்டிநாடு' மசாலா என்று மூன்று நான்கு அடிப்படைகளைக் காலையிலேயே தயார் செய்துவிடுவார்கள். கோழியை முக்கால் வேக்காட்டில் எடுத்து வைப்பார்கள். ஆர்டர் வந்ததும் இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம், மேலே வெண்ணெய், கொத்தமல்லி, ஏழு நிமிடத்தில் மேசைக்கு வந்துவிடும். மூன்று வேறு பெயர்களில் கேட்ட மூன்று குழம்பும் தூரத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி ஒரே ஜாடையில் இருப்பது இதனால்தான். தப்பு என்று சொல்ல மாட்டேன், உலகம் பூரா பெரிய அடுப்படிகள் இப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் தெரிந்து வைத்துக்கொண்டால் ஆர்டர் கொடுப்பது சுலபம். இந்த மாதிரி இடத்தில் அடுப்பில் அப்போதைக்கப்போது நடக்கிற பண்டத்தைக் கேட்பது புத்திசாலித்தனம்: தோசைக்கல், பரோட்டாக் கல், தந்தூர் அடுப்பு. ராத்திரி ஒன்பது மணிக்குப் பரோட்டா மாஸ்டர் மாவை வீசிக்கொண்டிருக்கும்போது பரோட்டா சொல்லாமல் இட்லி சொன்னது எங்கள் அம்மா செய்த தப்பு. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

பன்னிரண்டரை மணி

சரி, இந்த 'எந்நேரமும்' என்ற வாக்கு ஏன் டெல்டாவில் இவ்வளவு விலை போகிறது? இதற்குப் பதில் கோயிலில் இருக்கிறது.

இங்கே வருகிற வெளியூர்க்காரரில் பெரும்பாலானவர்கள் கோயிலுக்காக வருகிறவர்கள். தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் முடிந்தது, 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இல் சேர்ந்தன. அது போக நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதும் கும்பகோணம், மயிலாடுதுறை, காரைக்கால் வட்டாரத்துக்குள்ளேயே இருக்கின்றன. வேன் எடுத்து ஒரே நாளில் ஒன்பதையும் சுற்றுகிறவர்கள் ஏராளம். விடியற்காலை ஆறு மணிக்குத் திங்களூரில் ஆரம்பித்து ராத்திரி திருநள்ளாற்றில் முடிக்கிற கூட்டம்.

பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி, சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறக்கும். ஆகவே பத்து ஊர்களில் சிதறிக் கிடந்த அத்தனை வேனும் பன்னிரண்டே முக்காலுக்கு ஒரே நேரத்தில் சாப்பாட்டுக் கடை தேடும். ஒரு மணிக்கு டவுனுக்குள் இருக்கிற எந்த மெஸ்ஸிலும் இடம் இருக்காது. வேனை நிறுத்தவும் இடம் இருக்காது. மூன்று மணிக்கு சாப்பாடு தீர்ந்துவிடும். மூன்றிலிருந்து நாலு வரை டிரைவரும் பிள்ளைகளும் பசியோடு நிழல் தேடுவார்கள். பழைய கடைகளின் கடிகாரம் ஊர்க்காரர்களின் பசிக்குத் தைத்த சட்டை, பயணிக்கு அது இறுக்கிப் பிடிக்கிறது.

புது உணவகத்தின் முதலாளி கண்டுபிடித்தது இந்த இடைவெளியைத்தான். இடத்தை டவுனுக்கு வெளியே பைபாஸில் பிடித்தார். விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரும் சாலை பல வருஷம் குண்டும் குழியுமாகக் கிடந்து, இப்போது பகுதி பகுதியாக நாலு வழியாகியிருக்கிறது. சாலை மாறினால் சாப்பாட்டுக் கடை இடம் பெயரும், அது பழைய விதி. நாற்பது கார் நிற்கிற இடம், ஏசி, சுத்தமான கழிப்பறை, மூன்றரைக்குக் கேட்டாலும் சோறு. ருசி அதற்கப்புறம்தான். முழு நாள் வேனில் வந்த ஒரு குடும்பத்துக்குக் கழிப்பறைதான் அந்த உணவகத்தின் முதல் அயிட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மந்தி எப்படி இங்கே வந்தது என்று கேட்டால் அதற்கும் இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ இருந்திருப்பார்கள். திரும்பி வருகிறவர்கள் கையில் காசும் நாக்கில் ருசியும் கொண்டுவந்தார்கள். பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது கடலோர முஸ்லிம் ஊர்க் கல்யாணங்களில் 'சஹன்' என்று ஏற்கெனவே இருந்த பழக்கம்தான். ஆக மந்தி இங்கே அந்நியப் பண்டமாக வரவில்லை. அதோடு வந்த ஷவர்மாவுக்கு மட்டும் கடிகாரம் கொஞ்சம் கடுமை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸ் வெளியே கிடந்தால் கெடும், ஆளைப் படுக்க வைக்கும். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அதை ஒரு வருஷத்துக்குத் தடை செய்ததற்குக் காரணம் இதுதான்.

சத்திரத்து மணி

வழிப்போக்கருக்கு எந்நேரமும் சோறு என்பது பைபாஸ் முதலாளியின் புதுச் சிந்தனை என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. இதே மண்ணில் இருநூறு வருஷத்துக்கு முன் நடந்ததுதான்.

தஞ்சை மராட்டிய அரசர்கள் ராமேசுவரம் போகிற பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி முத்தாம்பாள் பெயரில் கட்டிய சத்திரம் அவற்றில் பேர்போனது. ஆட்சியைக் கிழக்கிந்தியக் கும்பினி எடுத்துக்கொண்ட பிறகு, 1801-இல் சரபோஜி பிரிட்டிஷ் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் கைவைத்துவிடாதீர்கள் என்பது அதன் சாரம். அங்கே என்ன நடக்கிறது என்று விவரித்தும் இருக்கிறார். எந்தச் சாதியையும் விடாமல் வருகிற வழிப்போக்கர் எல்லாருக்கும் சமைத்த சோறு. சமைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்பவருக்கு அரிசியும் சாமானும். நடு ராத்திரியில் ஒரு மணி அடிப்பார்கள், இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து சாப்பிடலாம் என்று.

அந்த மணியை நினைத்துப் பாருங்கள். ஐம்பது நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்து "குமார், ஆறு பேர்" என்று கூப்பிடுவதற்காகக் காத்திருந்த எனக்கு அது நினைவு வந்தது. சத்திரத்தில் எந்நேரமும் சோறு கிடைத்தது, ஆனால் ஒரே சோறு. எல்லாருக்கும் ஒரு பானை என்றால் எந்நேரமும் தருவது கஷ்டமில்லை. எந்நேரமும், எதுவும் என்று இரண்டையும் சேர்த்துக் கொடுக்கப் போகும்போதுதான் குளிர்பெட்டி அடுப்படிக்குள் வருகிறது.

மராட்டியர் என்றதும் அந்த 'மராட்டா சாம்பார்' கதையையும் முடித்துவிடுகிறேன். ஷாஹுஜி காலத்தில் (1684 முதல் 1712 வரை ஆண்டவர்) சிவாஜியின் மகன் சம்பாஜி விருந்தாளியாக வந்தார், கோகம் என்ற மராட்டியப் புளிப்புக்குப் பதிலாகப் புளியைப் போட்டு ஒரு பருப்புக் குழம்பு வைத்தார்கள், அதுதான் 'சம்பா' ஆகாரம், சாம்பார் என்று ஆகிவிட்டது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆதாரம் என்று கையில் எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை. சரபோஜி காலத்து மராத்திச் சமையல் நூல் ஒன்று தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இருப்பது உண்மை, 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்று பெயர். நாங்கள் அன்று சாப்பிட்ட சாம்பாருக்கும் அதற்கும் உறவு எதுவும் இருப்பதாக என் நாக்குக்குப் படவில்லை. கொஞ்சம் வெல்லம் தூக்கல், அவ்வளவுதான்.

டிகிரி, வஞ்சிரம், பொன்னி

காபிக்கு வருவோம். 'டிகிரி' என்ற பெயருக்கு இரண்டு மூன்று விளக்கம் உலவுகிறது. சிக்கரி என்ற சொல் மருவி டிகிரி ஆனது என்பார்கள் சிலர். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரை விட்டு அளந்த பால், 'டிகிரி பால்', அதில் போட்ட காபி டிகிரி காபி என்பார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் கும்பகோணத்துக் காபியின் சூட்சுமம் தூளைவிடப் பாலில்தான் இருக்கிறது. தண்ணீர் சேராத பால், அப்போது காய்ச்சியது, அதில் ஃபில்டரில் முதலில் இறங்கிய டிக்காக்‌ஷன். முதல் டிக்காக்‌ஷன் இறங்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், இறங்கி ரொம்ப நேரம் நின்றால் வாசனை போய்விடும். பித்தளை டவரா டம்ளர் நெடுஞ்சாலைக் கடைகள் வந்த பிறகு ஒரு சின்னமாகிவிட்டது. டம்ளரை வாங்கிவிடலாம், பாலையும் நேரத்தையும் வாங்குவதுதான் கஷ்டம். ராத்திரி பத்து மணிக்கு வந்த 'டிகிரி காபி'யில் மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏனுங் மச்சான், எங்கூர்லயே இத விட நல்லாருக்குங்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஊர் மானம்.

மீனுக்கும் காலண்டர் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக. அந்த நாட்களில் நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கொண்டுவருவது மட்டும்தான் நாகப்பட்டினத்தில் இறங்கும், கொஞ்சமாக, விலை கூடுதலாக. மே மாதப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு வந்து பைபாஸ் கடையில் 'நாகை வஞ்சிரம் தவா ஃப்ரை' சாப்பிட்டால், அது அந்தக் கொஞ்சத்தில் ஒன்றாக இருக்கலாம், மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்ததாக இருக்கலாம், ஏப்ரலிலிருந்து குளிர்பெட்டியில் தூங்கினதாகவும் இருக்கலாம். சப்ளையரைக் கேளுங்கள். உள்ளூர்ப் பையனாக இருந்தால் குரலைத் தாழ்த்தி, "விரால் சொல்லுங்க சார்" என்பான். அது ஆற்று மீன், குளத்து மீன். கடல் தடை அதற்குக் கிடையாது.

அரிசிச் சமாசாரம் இன்னும் வேடிக்கை. நெற்களஞ்சியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், இலையில் விழுகிற சோறு இந்த வயலில் விளைந்ததுதானே என்று தங்கச்சி கேட்டாள். பெரும்பாலும் இருக்காது. டெல்டாவில் குறுவையும் சம்பாவும் அறுத்து வருகிற நெல்லில் பெரும்பங்கு அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அங்கே நிச்சய விலை, கையில் பணம். அந்த நெல் அரைபட்டு ரேஷன் கடைக்குப் போகும். அதனால் விவசாயி விளைவிப்பதும் பெரும்பாலும் ஆடுதுறை ரகங்கள், சி.ஆர் 1009 மாதிரி விளைச்சல் கூடுதலான ரகங்கள்தான். ஓட்டலுக்கு வேண்டியது சன்னமான, பழசான, உதிராக வடியும் அரிசி. புது நெல் அரிசி சோறு குழையும், இலையில் ரசம் ஊற்றினால் கூழாகும். ஆக ஓட்டல் முதலாளி மண்டியிலிருந்து வெளியூர்ப் பழைய பொன்னி வாங்குவார், மந்திக்கு வடக்கத்திப் பாசுமதி. வயலுக்கும் இலைக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர்தான் தூரம், நெல்தான் வேறு வழியாகப் போய்விடுகிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது புதுக் கடைகளால் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் ஊர் ஊராகப் போய்ப் பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்தார். 2018-இல் அவர் மறைந்த பிறகும் நெல் திருவிழாவில் விதை கைமாறிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, காட்டுயானம் என்று அந்த அரிசிகளை முதலில் மெனுவில் ஏற்றியவை பழைய மெஸ்கள் அல்ல. கவுனி அரிசிப் பாயசம் என்று போட்டு அதற்கு ஒரு விலையும் வைத்து, படம் எடுக்க ஆள் வரவழைத்தவை இந்தப் பைபாஸ் கடைகள்தான். அந்த விலையில் கொஞ்சம் விளைவித்தவர் வரைக்கும் போகிறது.

பழைய கடையைப் புகழ்வதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அந்தக் கடிகாரம் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஓடியதில்லை. 'பிராமணாள்' என்று பலகை மாட்டிய காபி ஓட்டல்கள் தமிழ்நாடெங்கும் இருந்தன. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் பெரியார் மறியல் நடத்தித்தான் அந்தச் சொல் பலகையிலிருந்து இறங்க ஆரம்பித்தது. டெல்டாக் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் வெகுநாள் இருந்தது. பெண்கள் பாடும் அப்படித்தான். பொம்பளைப் பிள்ளைகளோடு போனால் திரைச்சீலை போட்ட 'ஃபேமிலி ரூம்', இல்லாவிட்டால் எடுப்புச் சாப்பாடு வாங்கி வீட்டில் சாப்பிடு. பைபாஸ் கடையில் நாங்கள் காத்திருந்தபோது பக்கத்து பெஞ்சில் நாலு கல்லூரிப் பெண்கள் அவர்களாகவே வந்து உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலு புள்ளி ஆறு

மெஸ் யாரை நம்பி ஓடுகிறது? மாசக் கணக்குக்காரரை. டோக்கன் புத்தகம் வைத்திருக்கிற பேங்க் ஆபீசர், மருத்துவக் கல்லூரி மாணவன், தாலுகா ஆபீஸ் கிளார்க். மாதத்தில் இருபத்தைந்து நாள் வருகிறவர். ரசம் இரண்டு நாள் தொடர்ந்து சரியில்லாவிட்டால் மூன்றாம் நாள் வேறு மெஸ். அவர் நட்சத்திரம் போடுவதில்லை, ஆளே வராமல் போவார். புது உணவகம் வாழ்க்கையில் ஒரு தடவை வருகிறவரை நம்பி ஓடுகிறது. கோவையிலிருந்து வந்த என் மாப்பிள்ளை இனி எப்போது தஞ்சாவூர் வரப்போகிறார்? அதனால் அந்தக் கடையின் உழைப்பெல்லாம் முதல் நாற்பது நிமிடத்தில்தான்: மூடியைத் திறந்ததும் புகை கிளம்பும் பானை, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், பில் வருவதற்கு முன்பே "சார், ஒரு ஃபைவ் ஸ்டார் போட்டுடுங்க" என்று போனைக் காட்டும் கேப்டன். அன்றும் கேட்டார், தங்கச்சி போட்டாள். இலை திரும்பியிருந்ததையோ காலம்பரத்து இட்லியையோ எழுத அவளுக்குத் தோன்றவில்லை. அம்மாவிடம் யாரும் கேட்கவும் இல்லை.

ஆகவே மதிப்பெண்ணைப் பார்ப்பதைவிட, எழுதினவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று பாருங்கள். உள்ளூர் ஆள் "நேத்தும் போனோம்" என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரி நூறு நட்சத்திரத்துக்குச் சமம்.

பில்லில் ஒரு விஷயம் மட்டும். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி ஐந்து சதம், மத்திய, மாநில வரி தலா இரண்டரை. 2017 நவம்பருக்கு முன் ஏசி கடைகளில் பதினெட்டு இருந்தது. அதற்குக் கீழே 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாக ஒரு தொகை இருந்தால் அது அரசு வரி கிடையாது. தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதி போட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எங்கள் பில்லிலும் சர்வீஸ் சார்ஜ் ஐந்து சதம் இருந்தது. மாப்பிள்ளை அதை விரலால் காட்டி, "இத எடுத்துருங்க தம்பி" என்றார், சண்டை போடாமல், கோயம்புத்தூர் மரியாதையில். எடுத்துவிட்டார்கள். அதில் பாதியை அவரே சப்ளையர் பையன் கையில் கொடுத்தார். அவன் ஒடிசாக்காரன். எந்தப் பக்கம் நுனி வர வேண்டும் என்று அம்மா அவனுக்கு இலையை வைத்துக் காட்டினாள்.

மறுநாள் காலை கும்பகோணம். கடப்பா சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தங்கச்சி ஆசைப்பட்டாள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் குழைய வேகவிட்டு, தேங்காய், சோம்பு, கசகசா, பச்சைமிளகாய் அரைத்து ஊற்றிக் கொதிக்க வைப்பது. இட்லிக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ள. அந்த வட்டாரத்தை விட்டுத் தாண்டினால் பெயர்கூடத் தெரியாது. நிறைய கடைகளில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைப்பார்கள். பிள்ளைகள் எழுந்து குளித்துக் கிளம்புவதற்குள் நேரமாகிவிட்டது. கோயில் வீதியில் நாலு மேசை போட்ட ஒரு கடைக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது நாற்பது.

கல்லாவில் இருந்த பெரியவர் அடுப்படியை எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து கரண்டி பாத்திரத்தின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. "ரெண்டு கரண்டிதான் இருக்கு. புள்ளைங்களுக்கு ஊத்திடட்டுமாம்மா?" என்றார். பிள்ளைகள் இட்லியைப் பிட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்கள், தங்கச்சி தன் மகளின் இலையிலிருந்து ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தாள். எங்களுக்குப் பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கி வந்தவர் வாசலிலேயே நின்று கேட்டார்.

"முடிஞ்சது சார்."